ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம்

கேள்வி: என்னிடம் 1991-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின். தினமும் எடுப்பதில்லை, வாரக் கடைசியில் ஆசைக்கு ஓட்டுவதோடு சரி. நாலைந்து மாதமாக கார் நிற்கும் இடத்தில் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை விழுகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில்தான் சொட்டுகிறது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் லேசாகக் கருகல் வாடை வரும். மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். நண்பர் ஒருவர், ஒழுகலை அடைக்கும் திரவம் ஒரு குப்பி வாங்கிக் கொடுத்தார், இன்னும் ஊற்றவில்லை. வால்வ் கவர் போல்ட்டுகளை நானே ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. சில்லறை வேலைகளை நானே செய்வேன். டார்க் ரெஞ்ச், ஜாக், ஸ்டாண்டு எல்லாம் உண்டு. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா? அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் பயணம் ஒன்று வைத்திருக்கிறேன். போகலாமா?

பதில்: கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். வால்வ் கவர் போல்ட்டை இனி ஒரு சுற்றுகூட இறுக்காதீர்கள். அவசரமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லமாட்டேன். காருக்கு அடியில் படுத்து மேலே பார்த்தால் அவர் கண்டதுதான் எவருக்கும் தெரியும்: எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில் தொங்கும் ஒரு துளி. அதற்கு நேர் உள்ளே இருப்பது எஞ்சினின் பிரதானச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின் சீல், அவர் சொன்ன ரியர் மெயின் சீல். ஆகவே சீல்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எண்ணெய்க்கு நேராக விழும் பழக்கம் கிடையாது. ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடு உடைந்தது ஒரு மூலையில். தண்ணீரோ கைமரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து அறையின் நடுவில் சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே இருக்கும் ஓட்டை மாற்றினால் அடுத்த மழைக்கும் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். எஞ்சினிலும் அதே கதை. கூடுதலாக, ரேடியேட்டர் விசிறியின் காற்றும், ஓடும்போது அடியில் புகும் காற்றும் எண்ணெயைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

உங்கள் காரில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது; அதன் முதுகில் கியர்பாக்ஸ். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் எங்கே கசிந்தாலும் அது கீழே இருக்கும் பிளாக்கின் முதுகு வழியே இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு, அடியில் வந்துதான் சொட்டும். அந்தப் பின்பக்கத்தில் நான் சந்தேகப்படும் ஆட்கள் இரண்டு. ஒன்று, ஹெட்டின் மேல்மூடியான வால்வ் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட்டின் பின் மூலைகள். இன்னொன்று, கேம் ஆங்கிள் சென்சார். 1989-இல் வெளிவந்த இந்த முதல் தலைமுறைக் காரைப் பல வருடம் வைத்திருக்கும் ஒருவரிடம் "பின் சீல் ஒழுகுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். "சென்சார் ஓ-ரிங்கைப் பார்த்தாயா?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த அளவுக்கு இந்தச் சென்சார் பலரை ஏமாற்றியிருக்கிறது.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் பின்முனையில் செருகியிருக்கும் கைப்பிடி அளவுப் பொருள் அது. எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங் எனப்படும் ஒரே ஒரு ரப்பர் வளையம். முப்பது வருடத்துக்கு மேலாக வெப்பத்தில் வெந்த நைட்ரைல் ரப்பர் என்ன ஆகும்? இறுகும். வட்டமாக இருந்த குறுக்குவெட்டு சப்பையாகும். அழுத்தினால் எதிர்த்து விரியும் குணம் போய்விடும். எஞ்சின் சூடாகும்போதும் ஆறும்போதும் உலோகம் மயிரிழை அளவு விரிந்து சுருங்கும். புது வளையம் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், பழையது பேசாமல் நிற்கும். அதன் வழியே கசிவது வேகமான ஒழுகல் அல்ல. நீங்கள் எழுதியிருப்பது போல, நாணயம் அளவுக் கறைதான்.

ஆனாலும் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது. முதல் கேள்வி: சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தானா? அந்த இடத்தில் மூன்று திரவங்கள் சொட்ட முடியும். அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். கியர் எண்ணெய் என்றால் மூக்கே சொல்லிவிடும். கந்தக வாடை, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் அங்கேதான் இருக்கிறது, அதுவும் இந்தக் காரில் அடிக்கடி கசியும் பொருள். அதில் ஓடுவது பிரேக் திரவம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரைந்துவிடும், எண்ணெய் மிதக்கும். கரைந்தது என்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு கிளட்ச் சிலிண்டரைப் பாருங்கள், அது தள்ளிப்போடும் விஷயமல்ல.

இரண்டாவது கேள்வியை உங்களிடமே கேட்கிறேன்: கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? உங்கள் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில், படுத்தவாக்கில் இருக்கிறது. கழற்றும்போது கால் குவளை எண்ணெயாவது பிளாக்கின் மேல் வழியும். துடைக்காமல் விட்டால் அது வாரக்கணக்கில் பின்னால் நகர்ந்து சொட்டிக்கொண்டிருக்கும். ஒழுகவே ஒழுகாத எஞ்சினுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டிருந்தாலும் கசியும். ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் அழுத்தச் சென்சாரையும் விரலால் தடவிப் பாருங்கள். 1991-ஆம் வருடக் காரில் அழுத்தத்தை அளந்து முள்ளை அசைக்கும் நிஜமான சென்சார் இருக்கும். வயதானால் அதன் உடம்பு வழியாகவே எண்ணெய் வேர்க்கும்.

மூன்றாவது, பிசிவி வால்வ். கேஸ்கட் மாற்றுபவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வாயு கொஞ்சம் கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வ், வால்வ் கவரில் செருகியிருக்கிறது. அது கசடு பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். புது ஓ-ரிங் போட்டாலும் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வால்வை ரப்பரிலிருந்து உருவி, அதன் திறப்பை விரலால் மூடுங்கள், விரலை உறிஞ்ச வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதருகே குலுக்குங்கள்; கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் புதிது போடுங்கள். கழுவிப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் நான் போடமாட்டேன்.

இனிதான் உண்மையான வேலை: கழுவுதல். எண்ணெய் ஒழுகலில் திறமை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். அழுக்கு எஞ்சினில் எல்லா இடமும் ஒழுகும் இடமாகத்தான் தெரியும். எஞ்சின் ஆறியபின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஹெட்டின் பின்னால் இருக்கும் இக்னிஷன் காயில், சென்சாரின் மின் இணைப்பு, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். டிகிரீசரைத் தெளித்து, நீளக் கைப்பிடித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடையுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டாம். அது சீல்களைத் தாண்டி உள்ளே போகும், மின் இணைப்பில் போய் உட்காரும். ஹெட்டின் பின்பக்கம், பிளாக்கின் முதுகு, பெல் ஹவுசிங்கின் மேல்பகுதி மூன்றும் உலர்ந்து வெளுக்கும்வரை விடாதீர்கள். பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதிக்கு மட்டும் காரைத் தூக்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்டு. இதில் பழகியவர்தான் அலட்சியப்படுவார், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

உலர்ந்த பின்பக்கத்தில் டால்கம் பவுடரை ஒரு சாக்ஸில் கட்டித் தட்டிவிடுங்கள்; காலில் அடிக்கும் பவுடர் ஸ்பிரே இருந்தால் இன்னும் சுலபம். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் போன தடம் கரும் கோடாக விழுந்திருக்கும். கோட்டின் கீழ்முனை உங்களுக்கு வேண்டாம். மேல்முனை எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். ஒரே ஓட்டத்தில் தெரியாவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஓட்டுங்கள், அதற்கு மேல் காத்திருந்தால் தடம் பரவி மறுபடி குழப்பும். கசிவு மிக மெல்லியது என்றால், எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதை ஊற்றி ஓட்டி, இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும். பவுடரே போதும் என்பது என் அனுபவம்.

தடம் சென்சாரின் அடியில் தொடங்கினால், சந்தோஷப்படுங்கள். வேலை கடினமல்ல; இடம்தான் இடைஞ்சல். ஹெட்டுக்கும் எஞ்சின் அறையின் பின்சுவரான ஃபயர்வாலுக்கும் நடுவே ஒரு கை நுழையும், இரண்டு கை நுழையாது. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில், சென்சாரின் விளிம்பிலும் ஹெட்டிலுமாகச் சேர்த்து ஒரு கோடு. ஊசிமுனையால் கீறியோ, வெள்ளைப் பெயின்ட் தொட்டோ. இந்தக் கோட்டை மறந்தால் பின்னால் அவதிப்படுவீர்கள், ஏனென்றால் இந்தச் சென்சாரைச் சுழற்றுவதுதான் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, மாற்றும் வழி. ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பு கழன்றிருக்கட்டும். மின் இணைப்பின் கொக்கியை அழுத்தி உருவுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், அந்த வயதுப் பிளாஸ்டிக் பட்டென்று உடையும். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், 12 மி.மீ. தலை. கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் ஸ்பேனரை மாட்ட வேண்டும். முன்னதாகவே அடியில் ஒரு பழந்துணியைத் திணித்து வையுங்கள். போல்ட் கை நழுவினால் துணியில் விழும், வழியும் எண்ணெயும் துணிக்கே போகும்.

போல்ட் கழன்றதும் சென்சார் தானாக வராது. இடம் வலமாகத் திருகித் திருகி இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் புது ஒழுகலுக்குப் போடும் பாதை. வெளியே வந்ததும் பழைய வளையத்தைப் பாருங்கள். சதுரமாகச் சப்பையாகி, நகத்தால் வளைத்தால் முறிகிறது என்றால் குற்றவாளி கையில் இருக்கிறான். பல்குத்தும் குச்சி மாதிரி மரக்குச்சியால் எடுத்து, பள்ளத்தைத் துடைத்துவிடுங்கள்.

புது வளையம் வாங்கும்போது பழையதை எடுத்துப்போய் "இந்த அளவு கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அது சப்பையாகி அளவு மாறிப்போனது. கார் மாடலையும் வருடத்தையும் சொல்லி, அந்தச் சென்சாருக்கென்றே வரும் வளையத்தைக் கேளுங்கள். விட்டான் என்னும் ஃப்ளூரோ ரப்பரில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நைட்ரைல் தாங்கும் வெப்பம் ஏறத்தாழ 100 முதல் 120 டிகிரி. விட்டான் 200 டிகிரியைத் தாங்கும். ஹெட்டின் பின்பக்கம் காற்றோட்டமில்லாத இடம் என்பதால் இந்த வித்தியாசம் அங்கே எடுபடும். தண்ணீர்க் குழாய்க்கான வளையங்களில் அளவு பொருந்துவது கிடைக்கலாம், ஆனால் அவற்றில் பல ஈபிடிஎம் ரப்பர். கனிம எண்ணெய் பட்டால் ஊறிப்போய் வீங்கும். பார்வைக்கு இரண்டும் கறுப்புதான்.

புது வளையத்தில் எஞ்சின் எண்ணெய் தடவி மாட்டுங்கள். உலர்ந்த வளையம் உள்ளே போகும்போது முறுக்கிக்கொள்ளும். சீலன்ட் எதுவும் பூச வேண்டாம். சென்சாரின் நுனியில் இருக்கும் பல் மையத்திலிருந்து சற்று விலகி இருப்பதால், கேம் ஷாஃப்டின் பள்ளத்தில் ஒரே நிலையில்தான் உட்காரும். உட்காரவில்லையென்றால் நுனியை அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். கையால் அழுத்தி முழுதாக உட்கார்ந்த பிறகு, கோட்டோடு கோடு சேர்த்து, போல்ட்டை முடுக்குங்கள்.

கோடு சரியாகச் சேர்ந்தால் டைமிங் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். டைமிங் லைட் இரவல் கிடைத்தால் உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து, எஞ்சின் அறையிலுள்ள டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, ஐடில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 சுற்றில் இருக்கும்போது பாருங்கள். பிஸ்டன் மேல் உச்சத்துக்கு வருவதற்கு முன் 10 டிகிரி என்பது தொழிற்சாலை அளவு. கம்பி இணைக்காமல் பார்த்தால் கணினி தன் இஷ்டத்துக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும். நீங்கள் இல்லாத பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

தடம் சென்சாருக்கு மேலே, வால்வ் கவரின் விளிம்பில் தொடங்கினால் வேறு வேலை. இங்கேதான் நீங்கள் போல்ட்டை இறுக்கிய விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்கம் 5 முதல் 9 நியூட்டன் மீட்டர். விரல்நுனியில் சின்ன ஸ்பேனரைப் பிடித்து இறுக்கும் அளவுதான். ரப்பர் கேஸ்கட் செத்துவிட்டால் இறுக்கம் அதை உயிர்ப்பிக்காது; பிதுக்கி வெளியே தள்ளும், கவரையும் வளைக்கும். இளவயதில் நானும் இதே காரியம் செய்தேன். வாடிக்கையாளர் காத்திருந்தார், ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது, "இன்னும் ஒரு கால் சுற்று" என்று கொடுத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போல்ட் இலேசாகச் சுற்ற ஆரம்பித்தது. அலுமினிய ஹெட்டில் இருந்த மரை மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. கால் மணி நேர வேலை, துளை பெரிதாக்கிச் சுருள் மரை வைத்து முடிக்க மாலையானது. அந்த மனிதர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதனால் உங்கள் டார்க் ரெஞ்சின் மீது ஒரு கண் வையுங்கள். சக்கர நட்டுக்கு வாங்கியது என்றால் அதன் அளவே 20, 40 என்றுதான் தொடங்கும்; 8 நியூட்டன் மீட்டருக்கு அது உதவாது, "க்ளிக்" வருமென்று காத்திருந்தால் மரை போய்விடும். சிறியது ஒன்று இரவல் வாங்குங்கள்.

கவரைக் கழற்றும்போது பிளக் ஒயர்களை வரிசை எழுதிவைத்து எடுங்கள். பிளக் குழிகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்; அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் கேஸ்கட்டின் உள்வளையமும் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒயரின் ரப்பர் ஊறி, எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். பழைய கேஸ்கட் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைக்க வேண்டும். புதுக் கேஸ்கட்டைச் சுற்றிச் சிலிக்கான் பூசும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். கேம் ஷாஃப்ட் மூடிகளின் வளைவு வந்து சமதளத்தில் சேரும் மூலைகள் இருக்கின்றன பாருங்கள், முன்னாலும் பின்னாலும், அங்கே மட்டும் கடுகளவுக்குச் சற்று அதிகமாக ஒரு பொட்டு. அளவு மீறினால் உள்பக்கம் பிதுங்கும், காய்ந்ததும் உதிரும், உதிர்ந்தது அடியில் எண்ணெய் தேங்கும் சம்பில் இருக்கும் வடிகட்டியில் போய் அடைக்கும். எண்ணெய் ஒழுகிய எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், எண்ணெய் கிடைக்காத எஞ்சின் பிழைக்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமுமாக, இரண்டு மூன்று தவணையில் முடுக்குங்கள். சிலிக்கான் உலரக் குழாயில் எழுதியிருக்கும் நேரம் கொடுங்கள்.

கருகல் வாடைக்கும் பெரும்பாலும் இந்தக் கவர்தான் காரணம். அதன் விளிம்பில் கசியும் எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்து வேகும். வாடை மட்டும் என்றால் பரவாயில்லை. நிறுத்தும்போது போனட் இடுக்கில் புகை கண்ணுக்குத் தெரிந்தால், சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும். இன்னொன்று, சென்சாருக்கு அடியில் போகும் ஹீட்டர் குழாயை அழுத்திப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் கொழகொழவென்றிருக்கும். ஓ-ரிங்கை மாற்றிவிட்டு அந்தக் குழாயை விட்டால், அடுத்த கடிதம் தண்ணீர் ஒழுகலைப் பற்றி எழுதுவீர்கள்.

குப்பிக்கு வருகிறேன். அதிலிருப்பது ரப்பரை ஊறவைத்து வீங்கச் செய்யும் ரசாயனம். சுழலும் தண்டில் உரசும் சீல் லேசாக இறுகிப்போயிருந்தால் கொஞ்ச நாளைக்குப் பலன் தரலாம். சப்பையாகிப்போன ஓ-ரிங்கையும் வெந்துபோன கேஸ்கட்டையும் அது எழுப்பாது. ஆனால் எஞ்சினில் நல்ல நிலையில் இருக்கும் மற்ற சீல்களையும் அது ஊறவைக்கும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஒழுகாது என்ற யோசனையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் 1.6 எஞ்சினில், எண்ணெய் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருக்கின்றன. கெட்டி எண்ணெய் அவற்றுக்குள் போய்ச் சேர நேரமாகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். கையேட்டில் உள்ள எண்ணெயே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, மறுபடி கழுவி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபிறகு மேலே எல்லாம் உலர்ந்திருக்க, பெல் ஹவுசிங் உள்ளிருந்து மட்டும் எண்ணெய் வருகிறதா? அப்போது மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் நாணயம் அளவுக் கறைக்காகக் கியர்பாக்ஸை இறக்குவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். கிளட்ச் தேய்ந்து எப்படியும் ஒருநாள் இறக்கத்தான் போகிறீர்கள். அன்று கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் சீல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்பே இறக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு: மேட்டில் உயர்ந்த கியரில் வேகத்தைக் கூட்டும்போது எஞ்சின் சுற்று ஏறுகிறது, கார் வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டுவிட்டது என்று பொருள், இனிச் சாக்குச் சொல்ல முடியாது. எஞ்சினின் முன்பக்கத்தில், டைமிங் பெல்ட் உறைக்குள் எண்ணெய் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பெல்ட் எண்ணெயில் ஊறக் கூடாது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை என்பது உண்மைதான், ஆனால் நடுவழியில் நிற்பீர்கள்.

பயணத்துக்குப் போகலாம். புகையில்லை, கிளட்ச் வழுக்கவில்லை, டிப்ஸ்டிக்கில் மட்டம் வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரியக் குறையவில்லை என்றால் 600 கிலோமீட்டர் ஒன்றுமில்லை. அதற்குள் ஓ-ரிங்கை மாற்ற நேரம் கிடைத்தால் மாற்றிவிட்டு, இரண்டு நாள் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தபின் கிளம்புங்கள். கிளம்பும் முந்தின இரவு எதையும் கழற்ற வேண்டாம். எஞ்சினில் இருக்கும் அதே எண்ணெயில் ஒரு லிட்டர் டிக்கியில் வையுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும், மேல்குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஒரு அட்டைத் துண்டையும் எடுத்துப் போங்கள். யார் வீட்டு வாசலில் நிறுத்தினாலும் முதலில் அதை அடியில் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.